கைவிட்டதால் பிழைத்த பேக்கரி

நெதர்லாந்தின் தென்மேற்கு மூலையில், சேலாந்து மாகாணத்துத் தீவு ஒன்றில், சீரிக்சே என்றொரு பழைய துறைமுக நகரம். பதினோராயிரம் பேர் அளவில் வசிக்கிறார்கள். மூன்று பழைய நகர வாசல்கள், கட்டி முடிக்காமலே நின்றுபோன ஒரு பருத்த கோபுரம், கரையோரம் படகுகள். அங்கே நான்கு தலைமுறையாக ஒரே குடும்பம் நடத்திய பேக்கரியில் பல வருடம் வேலை செய்தேன். தட்டுக் கழுவுவதில் தொடங்கி, பிறகு மா குழைத்து, கடைசியில் போறணைப் பக்கம் வந்து சேர்ந்தேன்.

நூறு வருடம் தாண்டிய கடை என்றதும் எல்லோரும் ரெசிப்பியைத்தான் கேட்பார்கள். ரெசிப்பிகள் சாதாரணமானவை, பாதியை எந்தத் தொழிற்பள்ளிப் புத்தகத்திலும் பார்க்கலாம். எனக்குத் தெரிந்தவரை அந்தக் கடை நின்று பிடித்ததற்குக் காரணம் வேறு. ஒவ்வொரு தலைமுறையும், தனக்கு முந்தியவர்கள் பெருமையாக வைத்திருந்த ஏதோ ஒன்றை நிறுத்தியிருக்கிறது. ஐரோப்பாவில் நம்மவர்கள் பலர் சிறிய உணவுக் கடைகள் நடத்துகிறார்கள், தொடங்கவும் யோசிக்கிறார்கள். அவர்களுக்கு இது உதவலாம்.

நூறு வருடம் கடந்த நிறுவனங்கள் அரச குடும்பம் வழங்கும் ‘ஹோஃப்லெவரன்சியர்’ என்ற பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். இவர்கள் விண்ணப்பிக்கவில்லை. படிவம் நிரப்ப நேரமில்லை என்பார்கள். எனக்கென்னவோ அந்தப் பட்டம் வந்தால் எதையும் நிறுத்த முடியாமல் போய்விடும் என்று பயந்தார்களோ என்று தோன்றும்.

முதல் தலைமுறை கடை திறந்தது முதலாம் உலகப் போருக்கு முன்பு. அந்தச் சின்ன ஊரில் அப்போது இன்னும் பல பேக்கரிகள் இருந்தனவாம். எல்லோருக்கும் எப்படி வியாபாரம் நடந்தது என்பது எனக்கு நெடுநாள் விளங்கவில்லை. மூன்றாம் தலைமுறைப் பெரியவர்தான் விளக்கினார். ஓய்வு பெற்ற பிறகும் அவர் தினமும் காலையில் பின்கதவால் வந்து ஒரு கோப்பி குடித்துவிட்டுத்தான் போவார்.

அந்தக் காலத்து டச்சுச் சமூகம் மதத்தாலும் கொள்கையாலும் தனித்தனியாகப் பிரிந்து வாழ்ந்தது. கத்தோலிக்கருக்குத் தனிப் பள்ளிக்கூடம், தனிப் பத்திரிகை, தனித் தொழிற்சங்கம். புரட்டஸ்தாந்தினருக்கு வேறு. சோசலிஸ்டுகளுக்கு வேறு. சேலாந்தில் புரட்டஸ்தாந்தினரே அதிகம் என்றாலும், அவர்களுக்குள்ளும் பல திருச்சபைகள். பாணும் அந்த வழியேதான் போனது. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எந்தத் தேவாலயத்தில் இருந்தீர்களோ, அந்த வாங்கில் உங்களோடு இருந்த பேக்கரிக்காரரிடம்தான் திங்கட்கிழமை பாண். அவருடைய பாண் கருகியிருந்தாலும் அவரிடம்தான்.

அந்த வாடிக்கை ஒரு காப்பு. ஆனால் 1960களில் இளையவர்கள் தேவாலயத்தை விட்டு விலகத் தொடங்கியதும், அதையே நம்பியிருந்த கடைகள் ஒவ்வொன்றாக மூடின. இந்தக் குடும்பம் அதற்கு முன்பே மற்றத் திருச்சபைக்காரர்களுக்கும் விற்கத் தொடங்கியிருந்தது. அதற்காகச் சொந்தச் சபையில் முணுமுணுப்பும் வாங்கியது. ‘எங்கட ஆக்கள் வருவினம்’ என்ற கணக்கில் மட்டும் திறக்கும் தமிழ்க் கடைகளைப் பார்க்கும்போது எனக்கு இந்தக் கதை நினைவுக்கு வரும். எங்கட ஆக்கள் வருவார்கள்தான். அவர்களுடைய பிள்ளைகள் பக்கத்துச் சுப்பர்மார்க்கெட்டுக்குப் போவார்கள்.

முதலில் கைவிடப்பட்டது இரவு வேலை. அது அவர்களாகக் கைவிட்டது என்று சொல்ல முடியாது, சட்டம் பிடுங்கியது. பேக்கரிக்காரர் நள்ளிரவில் எழும்புவதுதான் அப்போதைய வழமை. தால்மா என்ற அமைச்சர் அதைக் கட்டுப்படுத்தக் கொண்டுவந்த சட்டமூலம் 1912இல் பாராளுமன்றத்தில் தோற்றது. 1919ஆம் ஆண்டின் தொழிற்சட்டம்தான் எட்டு மணி நேர வேலை நாளைக் கொண்டுவந்து, பேக்கரிகளின் இரவு வேலைக்கும் தடை போட்டது. இனிக் காலைப் பாண் யார் வாங்குவார் என்று முதல் தலைமுறைக்காரர் புலம்பினாராம். அவர் மனைவி கலியாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக விடியும்வரை தூங்கினாராம். இது குடும்பக் கதை. எவ்வளவு உண்மையோ தெரியாது. நடந்தது இதுதான்: பாண் பிந்தி வந்தது, சனங்கள் காலையில் நேற்றைய பாணைச் சாப்பிட்டார்கள், எல்லாக் கடைக்கும் ஒரே சட்டம் என்பதால் யாரும் யாரிடமும் வாடிக்கையை இழக்கவில்லை.

கடைச் சுவரில் தொங்கும் பழைய படங்களில் எல்லாம் ஆண்கள்தான். கையைக் கட்டிக்கொண்டு, மா படிந்த ஏப்ரனோடு. பெண்கள் படத்தில் இல்லை, ஏனென்றால் அவர்கள் அந்த நேரம் கடையில் நின்றார்கள். இந்தக் குடும்பத்தில் நான்கு தலைமுறையிலும் வீட்டுக்கு வந்த மருமகள்தான் கடையையும் கணக்கையும் பார்த்தார். அவர்களுடைய கொப்பிகள் மேல்மாடியில் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. யாருக்குக் கடன், யாருக்கு அரைப் பாண், எந்த வீட்டில் பிள்ளை பிறந்தது, எவ்வளவு மிஞ்சியது. பிள்ளை பிறந்தால் குறிப்பது ஏனென்றால், இந்த நாட்டில் குழந்தை பார்க்க வருபவர்களுக்கு ரஸ்க்கில் வெண்ணெய் பூசி, சீனி பூசிய சோம்பு தூவிக் கொடுப்பார்கள். அடுத்த இரண்டு வாரத்துக்கு அந்த வீட்டுக்கு ரஸ்க் அதிகம் தேவை. பிள்ளை பிறந்த செய்தி பேக்கரிக்குத்தான் முதலில் வரும்.

கடையில் எதை நிறுத்துவது என்ற யோசனை ஒவ்வொரு முறையும் இந்தக் கொப்பியிலிருந்துதான் வந்திருக்கிறது. போறணைக்கு முன்னால் நிற்பவருக்குத் தான் செய்வது எல்லாமே பிள்ளை மாதிரி. எது கையைக் கடிக்கிறது என்பது லாச்சியைத் திறந்து மூடுபவருக்குத்தான் தெரியும். நீங்கள் கடை தொடங்கினால், செய்பவரும் கணக்கு எழுதுபவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது என்பேன். ஒரே ஆள்தான் என்றால், மாதம் ஒருமுறையாவது வெளியாள் ஒருவர் கொப்பியைப் பார்க்க வேண்டும்.

போர்க்காலம் பற்றி அந்த வீட்டில் அதிகம் பேசமாட்டார்கள். 1944இல் ஜெர்மானியர் இந்தத் தீவின் பெரும்பகுதியை வேண்டுமென்றே கடல் நீரால் நிரப்பினார்கள்; ஏராளமானோர் வெளியேற வேண்டியிருந்தது. சேலாந்தின் மற்றப் பகுதிகள் அந்த வருட இலையுதிர்காலத்தில் விடுதலையானபோதும், இங்கே 1945 மே வரை காத்திருந்தார்கள். கடை அந்தக் காலத்தில் திறந்ததும் மூடியதுமாக இருந்தது.

வெள்ளத்தைப் பற்றித்தான் பெரியவர் பேசுவார். 1953 பெப்ரவரி 1 அதிகாலை, வட கடல் புயலில் அணைகள் உடைந்து நாடு முழுவதும் 1,836 பேர் இறந்தார்கள். இந்தத் தீவு மிக மோசமாக அடிபட்ட இடங்களில் ஒன்று. தொலைபேசி அறுந்துபோன நிலையில், சீரிக்சேயைச் சேர்ந்த பீட்டர் ஹொஸ்ஃபெல்ட் என்ற வானொலி ஆர்வலர் தன் கையால் பொருத்திய கருவியில்தான் உதவி கேட்டு வெளியுலகுக்குச் செய்தி போனது. பெரியவர் அப்போது சிறுவன். கடைக்குள் முழங்கால் அளவுக்கு உப்புத் தண்ணீர். மா தப்பியது, பழைய டச்சுப் பேக்கரிகளில் மா மூட்டைகளை மேல்மாடியில் அடுக்கி, அங்கிருந்து கீழே இறக்குவதுதான் வழமை. செங்கல் போறணை தப்பவில்லை. நனைந்த செங்கல்லை உடனே சூடாக்கினால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி வெடிப்பு விழும். சின்ன நெருப்பாகப் பல நாள் போட்டுத்தான் காயவைக்க வேண்டும். அப்படிக் காயவைத்தாலும் உப்பு ஏறிய செங்கல் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

இரண்டாம் தலைமுறைக்காரர் அந்தப் போறணையைத் திருத்திப் பார்த்தார். பிறகு உடைத்தார். தகப்பன் கட்டியது என்று ஊர் பேசியது. அவர் கடன் வாங்கி எண்ணெயில் எரியும் இரும்புப் போறணை வைத்தார். சூடு எப்போதும் ஒரே அளவு, சாம்பல் இல்லை, விடிகாலையில் ஓர் ஆள் குறைவு. செங்கல் போறணைப் பாணுக்கு இன்று கூடுதல் விலை கொடுக்க ஆள் இருக்கிறது, அது உண்மைதான். ஆனால் 1953இல் வெள்ளத்தில் வீடு போனவர்களுக்குத் தேவைப்பட்டது நாளைக்கும் கட்டாயம் வரும் பாண்.

1965 டிசம்பரில் சேலாந்துப் பாலம் திறந்தது. 5,022 மீற்றர் நீளம். அதுவரை தெற்கே போக படகுதான். பாலம் வந்ததும் ஊர்க்காரர் வேலைக்கும் கடைக்கும் வெளியே போனார்கள். வெளியாட்கள் கடற்கரைக்கு வந்தார்கள். கோடையில் ஜெர்மானியச் சுற்றுலாக்காரர், குளிர்காலத்தில் வெறும் தெரு. சுப்பர்மார்க்கெட்டும் வந்தது. வீட்டு வாசலில் பாண் கொடுக்கும் வேலை மூன்றாம் தலைமுறைவரை தொடர்ந்தது. முதலில் முன்பக்கம் பெரிய கூடை வைத்த சைக்கிள், பிறகு வான். பெரியவருக்கு அந்த வான் மேல் உயிர். அவருடைய மனைவி ஒரு குளிர்காலம் முழுக்க எழுதினார்: எத்தனை வீடு, எவ்வளவு எரிபொருள், எத்தனை மணி நேரம். அந்த மணி நேரத்துக்கு ஒரு கூலியும் போட்டார். அதுவரை அவர் கணவருடைய நேரத்துக்கோ தன்னுடைய நேரத்துக்கோ யாரும் கூலி போட்டதில்லை. போட்டதும் வான் நட்டம் என்று தெரிந்தது. நிறுத்தினார்கள்.

குடும்பக் கடைகளின் பெரிய பொய் இதுதான். வீட்டு ஆட்களின் உழைப்பை இலவசமாக எடுத்துக்கொண்டு, அதை லாபம் என்று சொல்லுவது. கையில் சம்பளம் எடுக்காவிட்டாலும் கொப்பியிலாவது எழுதுங்கள். இல்லாவிட்டால் எந்தப் பொருள் உங்களை வளர்க்கிறது, எது உங்களைத் தின்கிறது என்று தெரியவே தெரியாது.

ரஸ்க்கும் அதே காலத்தில் போனது. இரண்டு தடவை சுடவேண்டிய பொருள். தொழிற்சாலை மலிவாகவும் ஒரே அளவாகவும் செய்கிறது. பிள்ளை பிறந்த வீட்டுக்கு இப்போது கடையில் விற்பது தொழிற்சாலை ரஸ்க்தான். மேலே தூவும் சோம்பு மிட்டாய்கூட பார்ன் என்ற ஊரில் 1860இல் தொடங்கிய டி ரௌட்டர் என்ற நிறுவனத்தினுடையது. அதுவும் ஒரு பேக்கரியாகத் தொடங்கியதுதான். அவர்கள் பாணை விட்டுவிட்டு மிட்டாயைப் பிடித்துக்கொண்டார்கள், இன்று நாடு முழுவதும் அவர்கள் பெயர்.

கைவிடாத ஒன்றும் உண்டு: போலுஸ். சேலாந்துக்கே உரிய, கையில் ஒட்டும் சுருள் பணிஸ். 17ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின், போர்த்துக்கல் பக்கமிருந்து வந்து குடியேறிய யூத பேக்கரிக்காரர்கள் வழியாக வந்தது என்பார்கள். பால் சேர்த்துக் குழைத்த மாவைச் சிறு துண்டுகளாக்கி, கறுவாத்தூள் கலந்த கறுப்புச் சீனியில் உருட்டி நீளக் கயிறாக்கி, சுருட்டித் தட்டில் வைத்துப் பொங்கவிட வேண்டும். கடும் சூடு, குறைந்த நேரம்: 250 பாகைக்குக் கிட்ட, பத்து நிமிடத்துக்குள். வெளியே எடுத்ததும் உடனே கவிழ்க்க வேண்டும், இல்லாவிட்டால் பாகு தட்டில் இறுகிவிடும். நேரம் கூடினால் பாகு மிட்டாயாகிப் பல்லை உடைக்கும். கவிழ்த்தவுடன் மூடி வைத்தால் மெதுமை நிற்கும். சாப்பிடும்போது தட்டையான பக்கத்தில் வெண்ணெய் பூசுவார்கள். முதலில் எனக்கு அது கூடுதலாகத் தெரிந்தது, இப்போது வெண்ணெய் இல்லாமல் இறங்காது.

அந்தக் கறுவா மணத்தில் எனக்கு ஊர் ஞாபகம் வரும். வராமல் எப்படி? இலங்கைக் கறுவாவுக்காகவே போர்த்துக்கேயரை விரட்டிக்கொண்டு ஒல்லாந்தர் வந்தார்கள். 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையும் அவர்கள் கைக்குப் போனது. அந்த ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் பெரிய கிளைகளில் ஒன்று இதே சேலாந்தில், மிடில்பேர்க்கில்தான் இருந்தது. ஒருமுறை பெரியவரிடம் இதைச் சொன்னேன். “அப்ப நீ உன் சாமானைத் தேடித்தான் வந்திருக்கிறாய்” என்றார்.

போலுஸை ஏன் விடவில்லை? தொழிற்சாலையில் செய்து பொதி கட்டினால் ஒரு நாளில் அதன் குணம் போய்விடும். சுற்றுலாக்காரர் தேடி வருகிறார். மூலப்பொருள் மலிவு. ஒரு ஆள் ஒரு மணி நேரத்தில் நிறையச் செய்யலாம். நான்கும் ஒன்றாகச் சேரும் பொருள் ஒரு கடையில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அதைக் கண்டுபிடித்தால் மற்றதை எல்லாம் அதற்கு இடம் கொடுக்கும்படி அடுக்கலாம்.

நான் அங்கே கற்ற தொழில் விசயங்கள் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். குழைத்த மாவின் வெப்பம் 26 பாகை அளவில் இருக்க வேண்டும். அதை இருமடங்காக்கி, குழைக்காத உலர் மாவின் வெப்பத்தைக் கழித்தால் ஊற்ற வேண்டிய தண்ணீரின் வெப்பம் வரும். இயந்திரம் குழைக்கும்போது ஏறும் சூட்டுக்கு இன்னும் சில பாகை கழிக்க வேண்டும். இந்தச் சின்னக் கணக்கைச் செய்தால் கோடையிலும் குளிரிலும் பாண் ஒரே நேரத்தில் பொங்கும். கடிகாரத்தை நம்பிய நாட்களில் வெப்பமானி எவ்வளவு தூக்கத்தை மிச்சம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது. பாண் ஆறாமல் வெட்டும் இயந்திரத்தில் போடக்கூடாது. முழுப் பாணுக்கு இரண்டு மணி நேரமாவது வேண்டும், இல்லாவிட்டால் நசுங்கும். ‘வோல்கோரன்’ என்று எழுதினால் மா நூற்றுக்கு நூறு முழுத் தானியமாக இருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். நிறத்துக்காக மால்ட் போட்டு ஏமாற்ற முடியாது. 2013இலிருந்து பாணில் உப்பு உலர் எடையில் 1.8 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. உப்பு குறைந்தபோது கிழவர்கள் சண்டைக்கு வந்தார்கள். கொஞ்ச நாளில் மறந்துவிட்டார்கள். உப்பு குறைந்தால் ஈஸ்ட் வேகமாக ஓடும், பொங்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும் என்பதுதான் எங்களுக்கு உண்மையான தலையிடி.

வருடத்தின் பணம் வருவது பெரும்பாலும் குளிர்காலத்தில். டிசம்பர் 5ஆம் தேதி சிண்டர்கிளாஸ் விழாவுக்கு ஸ்பெக்குலாஸ் என்ற மசாலா பிஸ்கட், பாதாம் விழுது வைத்து எழுத்து வடிவில் சுடும் பலகாரங்கள். நத்தாருக்கு உலர்பழப் பாண். வருடக் கடைசி நாள் ஒலிபோல் என்ற எண்ணெய்ப் பலகாரம், விடிய முன்பே வரிசை. ஜனவரியில் லாச்சி நிறைந்திருக்கும். அந்தக் காசில் யாரும் கை வைக்கக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். பெப்ரவரி, மார்ச் சம்பளம் அதில்தான். புதிதாகக் கடை வைப்பவர்கள் டிசம்பர் விற்பனையைப் பார்த்து ஜனவரியில் இயந்திரம் வாங்குவதைக் கண்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை திறப்பதில்லை. முதலில் அது வேத வசனத்துக்காக. நான்காம் தலைமுறைக்கு அது தூக்கத்துக்காக. கோடையில் அன்று வீதி முழுக்கச் சுற்றுலாக்காரர் நடந்தாலும் கதவு மூடியிருக்கும். ஊர்க்காரரில் ஒரு பகுதியினருக்கு இன்றும் ஞாயிறு புனிதம். அவர்கள் வருடம் முழுதும் வாங்குபவர்கள்.

2022இல் எரிவாயு விலை ஏறியபோது நாடு முழுவதும் பல பேக்கரிகள் மூடின. எரிசக்தி அதிகம் செலவாகும் சிறு நிறுவனங்களுக்கு அரசு ஓர் உதவித் திட்டம் கொண்டுவந்தது, ஆனால் பில் முதலில் வந்துவிட்டது. நான்காம் தலைமுறையின் மருமகள் கொப்பியை எடுத்தார். பாண் வகைகளைப் பாதிக்குக் குறைத்தார்கள். திங்கட்கிழமையும் மூடினார்கள். சுடும் ஒழுங்கை மாற்றினோம்: கடும் சூட்டில் போலுஸ், பிறகு பாண், சூடு இறங்கும்போது கேக்கும் பிஸ்கட்டும், போறணை ஒருமுறை ஏறி ஒருமுறைதான் இறங்கும். ஆறு வகைத் தானியப் பாணை நிறுத்தியதற்குக் கோபித்துக்கொண்டவர்களில் பெரும்பாலானோர் அதை வாங்கியதே இல்லை என்று கொப்பி சொன்னது.

கடைசியாகக் கைவிட்டது குடும்பப் பெயரை. பிள்ளைகள் இருவரும் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள்; யாரும் அவர்களை வற்புறுத்தவில்லை. அங்கே பயிற்சியாளராகச் சேர்ந்து வளர்ந்த இளைஞர் ஒருவர் கடையை எடுத்தார். இந்தக் கைமாற்றம் நடந்த விதம் கவனிக்கத்தக்கது. கட்டடத்தையும் தொழிலையும் தனித்தனியாக விலை மதித்தார்கள். தொழிலை மட்டும் விற்று, கட்டடத்தை வாடகைக்குக் கொடுத்தார்கள். அந்த வாடகைதான் அவர்களுடைய ஓய்வூதியத்தின் ஒரு பகுதி. விலையில் ஒரு பங்கை வாங்குபவருக்கு அவர்களே கடனாக விட்டார்கள். விற்பவரே கடன் விட்டால் வங்கிக்கும் நம்பிக்கை வரும், மிச்சக் கடன் கிடைப்பது சுலபம். கணவனும் மனைவியும் கூட்டாக நடத்திய கடை என்பதால், கடையின் கடனுக்கு இருவருமே சொந்தச் சொத்தோடு பொறுப்பு. அந்தப் பழைய பொறுப்புகளை எல்லாம் முடித்துக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் சாவி கைமாறியது. இதற்கே ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. வயது போன பிறகு அவசரமாக விற்றவர்களுக்கு இயந்திரத்தின் விலைதான் கிடைத்தது.

புதியவர் வந்த வருடமே பிறந்தநாள் கேக் ஓர்டர்களை நிறுத்தப் போகிறேன் என்றார். பெரியவர் கோப்பியை வைத்துவிட்டு எழும்பினார். கேக் அலங்காரத்துக்கு அவர் வாங்கிய பரிசுகள் இன்னும் சுவரில் தொங்குகின்றன. புதியவர் ஒரு கேக்குக்கு எத்தனை மணி நேரம் போகிறது என்று எழுதிய தாளைக் காட்டினார். பெரியவர் கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை வாசித்தார். “மனிசிதான் உனக்கு இதைப் பழக்கியிருக்கிறாள்” என்று மட்டும் சொன்னார். இப்போது கேக் கேட்டு வருபவர்களைப் பக்கத்து ஊர்க் கடைக்கு அனுப்புகிறார்கள். அந்தக் கடை சனிக்கிழமைகளில் போலுஸை இவர்களிடம் மொத்தமாக வாங்குகிறது.